இருபத்து மூன்றாம் தொட்டிக் கோதுமை

“சனிக்கிழமை. காலை மணி ஏழு. நேற்று மாலை நல்ல மழை. கூரைக்குள் ஒரு துளி இல்லை. தொட்டி எண் 1 முதல் 22 வரை இலைகள் சுருண்டுவிட்டன. 24 முதல் 40 வரை அப்படியே. 23 மட்டும் பச்சை. காரணம் தெரியவில்லை.”

என் நோட்டுப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது. தேதியும் இருக்கிறது. ஆனால் சென்ற சில வாரங்களாக இந்தத் தொடரில் தேதிகள் பெருகிவிட்டதாகப் பத்திரிகை ஆசிரியர் அன்போடு சொன்னார். ஆகவே விட்டுவிடுகிறேன். வேண்டியவர்கள் மலாக்காவில் எங்கள் ஊரான டுரியான் துங்காலுக்கு வந்தால் நோட்டையே காட்டுவேன்.

அன்று நான் எழுதி முடிப்பதற்குள் தேவகி வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், பயிர்களைக் கலந்து புது வகை உண்டாக்குவதில் முனைவர் பட்டம் பெற்றவர். பல் துலக்கும் பிரஷ் கையிலேயே இருந்தது. இருபத்து மூன்றாம் தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓர் இலையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தார்.

“அங்கள், நேத்து இதுக்கு என்ன மார்க் போட்டீங்க?”

“நாலு. இன்னிக்கு ரெண்டு.”

இந்த மார்க்கில் ஒன்று என்றால் செடிக்குக் கவலையில்லை. ஒன்பது என்றால் செத்துவிட்டது. பள்ளிக்கூட மார்க்கைப் போல் அல்லாமல் குறையக் குறைய நல்லது.

“தண்ணிய நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. மார்க் ஏறத்தானே செய்யணும்? இது எறங்குது.” இலையை விட்டார். பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல, “சில வகை ராத்திரியில தேறிக்கும்னு படிச்சிருக்கேன். கண்ணால பாத்ததில்ல” என்றார்.

பிரஷை வாயில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் பதினோரு படம் எடுத்தார். எண்ணினேன்.

மழைக்கு நடுவில் ஒரு வறட்சி

கோதுமை என்றதும் நமக்கு ரொட்டி சானாய் நினைவுக்கு வரும். அந்த மாவு ஒரு கோதுமை. தேவகியின் கோதுமை வேறு. டியூரம் என்று பெயர். மணி கண்ணாடி போலக் கெட்டியாக, மஞ்சளாக இருக்கும். மெக்ரோனி, ஸ்பெகட்டி செய்ய அதுதான் வேண்டும். மழை குறைந்த நாடுகள் சிலவற்றில் அதை நம்பித்தான் விவசாயிகள் இருக்கிறார்கள்.

அவர் பதினான்கு வருடமாகச் செய்துவந்த வேலை இது: நிறைய விளையும் ஒரு வகையின் பூவைத் திறந்து, அதன் ஆண் பாகத்தைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட வேண்டும். வறட்சிக்கு அஞ்சாத இன்னொரு வகையின் மகரந்தத்தைத் தூவி, காகித உறை மாட்ட வேண்டும். வரும் விதையை விதைத்து, நல்லதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்க வேண்டும்.

தாய் நன்றாக விளையும். ஆனால் குடம் குடமாகக் குடிக்கும். தந்தை தண்ணீர் கேட்காது, விளையவும் செய்யாது. இரண்டின் நல்ல குணமும் ஒரே பிள்ளைக்கு வர வேண்டும். பொதுவாக இரண்டின் கெட்ட குணமும்தான் வரும் என்பது தேவகிக்கும் தெரியும், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற எனக்கும் தெரியும்.

இதை மலாக்காவில் ஏன் செய்ய வேண்டும்? அவரைச் சந்தித்த முதல் நாளே கேட்டேன். எங்கள் வட்டாரத்தில் துணி காய்வதே கஷ்டம்.

“வயல்ல வறட்சி எப்ப வரும்னு சொல்ல முடியாது அங்கள். கூரைக்குக் கீழ, நான் சொன்ன அன்னிக்கு வரும்” என்றார்.

பதில் அழகாக இருந்தது. ஆனால் கல்லூரி வளாகத்தில் அவருக்குத் தருவதாகச் சொன்ன கூரை பழுது பார்க்கப்படவில்லை. டெண்டர் எங்கோ ஒரு மேசையில் தூங்கியது. விதை காத்திருக்காது. அதனால் தாம் வாடகைக்கு இருந்த தனி வீட்டின் பக்கத்து மண்ணில், நான்கு பக்கமும் திறந்த ஒரு பிளாஸ்டிக் கூரை போட்டு, நாற்பது தொட்டிகளை வைத்தார். விதை மிகக் குறைவு. ஆகவே ஒரு வகைக்கு ஒரே தொட்டி. இருபத்து மூன்றாம் தொட்டி எங்கள் கம்பி வேலியை ஒட்டிய மூலையில் இருந்தது.

பகலில் அவர் வளாகத்தில் இருப்பார். தினமும் பதிவு எழுத ஆள் வேண்டும். நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முப்பது வருடம் நீர்மட்டம் எழுதி ஓய்வு பெற்றவன் வேலிக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தான். தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

வறட்சி எனக்குப் புதிதல்ல. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு முறை எங்கள் அணையே வற்றியது. அடித்தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. லாரியில் தண்ணீர் வந்தது. வாளியோடு வரிசையில் நின்ற பெரிய மனிதர்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வறட்சியைத் தாங்கும் வகை என்று எங்களில் ஒருவரும் அப்போது தேறவில்லை.

தகரப் புனலும் குளவிக் கூடும்

பதிவு எழுதும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ரப்பர் தோட்டத்து ஆபீசில் காலையில் மழை அளவு எழுதுபவர். ஆபீஸ் வாசலில் ஒரு கம்பத்தில் தகரப் புனல் இருக்கும். அதற்குக் கீழே போத்தல். காலையில் போத்தலை எடுத்து அளந்து எழுதுவார்.

ஒரு முறை ஆறு நாள் தொடர்ந்து மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் எடுக்க முடியாது; பால் வெட்டு இல்லை. அப்பாவின் பதிவில் மட்டும் ஆறு நாளும் ‘மழை இல்லை’. புனலின் துவாரத்தில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. போத்தலில் தண்ணீர் இல்லாததால் அவர் இருப்பதை எழுதினார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்த மேனேஜர் அந்தப் பதிவைப் பார்த்து, மழையே இல்லாதபோது ஏன் பால் வெட்டவில்லை என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டாராம்.

அப்பா தவறாக எழுதவில்லை. புனலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதை நான் பலருக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

லாலாங் இல்லை, ரொட்டி

மூன்று வேளையும் கோதுமை தின்கிற எங்கள் தாமான் குடியிருப்பில் கோதுமையைச் செடியாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆரம்பப் பள்ளியில் எங்கள் வாத்தியார் கோதுமைச் செடியை வரையச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் லாலாங் புல்லை வரைந்து, நுனியில் புள்ளிகள் வைத்தான். முழு மார்க். வாத்தியாரும் பார்த்ததில்லை.

தொட்டிகளில் பயிர் முழங்கால் உயரம்கூட வரவில்லை. எங்கள் ஊர் வெக்கையில் அவசரமாகக் கதிர் விட்டது. ஒரு நாள் நகராட்சிக்குப் புல் வெட்டும் ஆள் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பயிரைக் காட்டி, “இனி லாலாங் கா, அன்டி?” என்று என் மனைவி லோகாவிடம் மலாயில் கேட்டார்.

“புக்கான் லாலாங். இனி ரொட்டி” என்றாள் லோகா. இது லாலாங் இல்லை, ரொட்டி.

அவர் தொட்டியைப் பார்த்தார், லோகாவைப் பார்த்தார், மெஷினை அணைத்துவிட்டுப் போய்விட்டார். தேவகியின் பதினான்கு வருட உழைப்பை அன்று காப்பாற்றியது லோகாதான். இது நடந்ததையும் எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் நடந்ததற்கு அவளைக் குறை சொல்ல வருபவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சனிக்கிழமைகள்

தேவகியின் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்கூட இல்லை. புதன்கிழமை ஒரு குழுவின் முன் அவர் பேச வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் வேலை தொடரும். இல்லையென்றால் விதைகள் ஒரு குளிர்பெட்டிக்குள் போகும். அவர் தம் அண்ணன் வீட்டு மாடிக்குப் போவார். பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கப் போவதில்லை என்று அவரே சொன்னார். காட்டுவதற்கு அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று: இருபத்து மூன்று.

“ஒரே ஒரு தொட்டிய வெச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது அங்கள். எனக்கே தெரியும்” என்று தினமும் சொல்வார். சொல்லிவிட்டுத் தினமும் அதன் கதிரை எண்ணுவார்.

திங்கட்கிழமை பிற்பகல், அவர் குழுவுக்குக் காட்டுவதற்காக என் பதிவுகளைச் சுத்தமாகப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். வழக்கம் போல நாள்வாரியாக எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தாள் சிக்கனத்துக்காகக் கிழமைக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டேன்.

இருபத்து மூன்றின் மார்க் ஞாயிறு முதல் வெள்ளி வரை ஏறிற்று. சனிக்கிழமை விழுந்தது. அடுத்த வாரமும் அப்படி. அதற்கடுத்த வாரமும். எந்தச் செடிக்கும் கிழமை தெரியாது என்பது என் எண்ணம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஏழு மணிப் பதிவை முடித்துக்கொண்டு பசார் பக்கம் டீ குடிக்கப் போய்விடுவேன். லோகா குளித்துவிட்டு, சாமி மேடையில் இருக்கும் சின்னப் பித்தளை வேலுக்குப் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி அபிஷேகம் செய்வாள்.

பேனாவை மூடி வைத்தேன். உடனே எழுந்து அடுப்படிக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. இன்னொரு தாளை எடுத்து, சனிக்கிழமைகள் இல்லாமல் ஒரு பிரதி எழுதினேன். ‘பொது ஓய்வு நாள்’ என்று அடியில் காரணமும் எழுதினேன். நல்ல கையெழுத்தில் மிக நேர்த்தியாக வந்தது. முப்பது வருடத்தில் அவ்வளவு சுத்தமான பதிவு நான் எழுதியதில்லை.

கால் படாத இடம்

செவ்வாய்க்கிழமை காலை லோகா மேசையைத் துடைக்கும்போது இரண்டு தாள்களையும் பார்த்தாள்.

“என்னாங்க, ரெண்டு இருக்கு? எது டாக்டருக்கு?”

அதற்குப் பதில் சொல்லாமல் கேட்டேன். “வெள்ளிக்கிழம அபிஷேகத் தண்ணிய எங்க ஊத்துற?”

“கால் படாத எடத்துல.”

“அது தெரியும். எந்த எடம்?”

“மூலையில இருக்குற அந்தத் தொட்டியிலதான். கம்பிக்கு மேல கைய விட்டு ஊத்துவேன்.”

“எத்தன நாளா?”

“டாக்டர் தொட்டி வெச்சதுல இருந்து. ஏன், வேற எங்க ஊத்தச் சொல்றீங்க? முன்னால சிமெண்டு, கார் நிக்குது. பின்னால சிமெண்டு. அந்தாண்ட சாக்கட டிரேன். சாமி தண்ணிய டிரேன்ல ஊத்தவா? ஒரு துளசி இருந்துச்சு. அதையும் நீங்க பூச்சி மருந்து அடிச்சுக் கொன்னுட்டீங்க.”

உண்மை. அந்தத் தேதியும் என்னிடம் இருக்கிறது.

“லோகா, அந்தச் செடிங்களுக்குத் தண்ணி ஊத்தக்கூடாது. தண்ணி இல்லாம எது நிக்குதுன்னு பாக்கத்தான் வெச்சிருக்காங்க.”

அவள் துடைப்பதை நிறுத்தினாள். “அத எங்கிட்ட யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. தொட்டி மண்ணின் மேல் வைக்கோல் பரப்பியிருந்ததால் ஈரம் எனக்குத் தெரியவில்லை. வெளியே பெய்த மழை, கூரைக்குள் வெப்பம், இலையின் சுருள், பூவின் நாள் எல்லாவற்றையும் எழுதினேன். முப்பத்தாறு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவளிடம் நான் என்ன எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புனலைப் பார்க்காததில் அப்பாவுக்கு நான் குறைந்தவனல்ல.

லோகா ‘பொது ஓய்வு நாள்’ தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள்.

“சனிக்கிழம நீங்க லீவு எடுத்தீங்களா? காலையில ஏழு மணிக்கு என்னை எழுப்பி, பேனா எங்கன்னு கேட்டீங்களே.”

“அந்தப் புள்ள வேல போயிடும் லோகா.”

“போனா போவட்டும்னு நான் சொல்லல. நான் ஊத்துனேன், நானே போய் சொல்றேன். நீங்க ஒரு பக்கம் பொய் எழுதிக் குடுத்து, அது நாளைக்கு வெளிய வந்தா, அப்பவும் ஊத்துனவ நான்தானே?”

அந்தத் தாளை நானே கிழித்தேன். நல்ல கையெழுத்து வீணாயிற்று.

தேவகி வளாகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலில் சப்பாத்து, இன்னொன்று கையில். லோகா வேலி ஓரத்தில் நின்று முழுவதையும் சொன்னாள். முகவுரை இல்லை, மன்னிப்பும் இல்லை. “தெரியாமத்தான் ஊத்துனேன்மா. ஆனா ஊத்துனேன்.”

தேவகி படியில் உட்கார்ந்தார். நெடுநேரம் இருபத்து மூன்றையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எவ்ளோ தண்ணி ஆன்ட்டி?”

“ஒரு செம்பு.”

“செம்ப காட்டுங்க.”

காட்டினாள். தேவகி அதில் தண்ணீர் நிரப்பி, அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்துக்கொண்டார்.

“பால் எவ்ளோ இருக்கும்?”

“கால் டம்ளர். பசும்பாலுதான். பாக்கெட் பால் ஊத்த மாட்டேன்.”

அதையும் குறித்துக்கொண்டார். என் தாளை வாங்கிச் சனிக்கிழமைப் பத்தியில் விரலை வைத்து, “இத நான் மொதல்லயே பாத்திருக்கணும் அங்கள். பாக்க வேணாம்னு இருந்துட்டேன்” என்றார்.

காலியாக இருந்த கட்டம்

புதன்கிழமைக் கூட்டத்தில் நான் இல்லை. தேவகி வந்து சொன்னதை அன்று மாலையே எழுதிவைத்தேன்.

குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் நேரில். ஒருவர் இந்தத் திட்டத்தில் கூட்டாளியான வறண்ட நாட்டிலிருந்து திரையில். தேவகி முப்பத்தொன்பது தொட்டிகள் தோற்றதைச் சொன்னார். பிறகு நாற்பதாவதாக மிஞ்சிய தொட்டிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வெள்ளிதோறும் ஒரு செம்பு அபிஷேகத் தண்ணீர் ஊற்றிய விவரத்தை, செம்பின் அளவோடு, படத்தோடு, சொன்னார்.

முதலாமவர், பால் கலந்ததால் மண்ணில் என்ன மாறுதல் வரும் என்று கேட்டார். இரண்டாமவர், பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஆய்வில் பங்கேற்க ஒப்புதல் கையெழுத்து வாங்கப்பட்டதா என்று கேட்டார். திரையில் இருந்தவர் மட்டும், தண்ணீர் ஊற்றியது பூ விடுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டார். என் தாளைப் பார்த்து, இரண்டும் என்று தேவகி பதில் சொன்னார்.

முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. கடிதத்தோடு தேவகி வேலிக்கு வந்தார். அழுதாரா, சிரித்தாரா என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை.

“படிக்கிறேன், கேளுங்க. தொட்டி இருபத்து மூணு பத்துன முடிவ ஏத்துக்க முடியாது.”

“அதுதான் தெரியுமே” என்றேன்.

“இருங்க. விளைச்சல், சுமார். வறட்சி தாங்குறது, நிரூபிக்கல. சமூகப் பங்கேற்பு, மிகச் சிறப்பு. திட்டத்த ஒரு பருவத்துக்கு நீட்டிக்கிறோம். சோதனைய வறண்ட நெலத்துலயே செய்யணும்.” கடிதத்தை மடித்தார். “வருஷா வருஷம் அந்தச் சமூகப் பங்கேற்புக் கட்டத்துல என்ன எழுதுறதுன்னு தெரியாம காலியா விட்டிருக்கேன் அங்கள். இந்தத் தடவ நான் எழுதல. அவங்களே நெரப்பிட்டாங்க.”

லோகா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “அப்ப நான் செஞ்சது தப்பில்லயா?”

“தப்புதான் ஆன்ட்டி. ஆனா மார்க் கெடச்சிருக்கு.”

இருபத்து மூன்றின் கதிர்களை எங்கள் வீட்டு முன்கூடத்தில்தான் உதிர்த்தோம். ஒரு காகித உறை நிறையவில்லை. உரிய அனுமதிச் சீட்டுகள் எல்லாம் வந்ததும் மற்ற வகைகளின் விதைகளோடு அதையும் எடுத்துக்கொண்டு தேவகி விமானம் ஏறினார். அந்த நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே கூரை தேவையில்லை; வேலி ஓரத்தில் செம்போடு யாரும் நிற்கமாட்டார்கள். முதலில் வந்த படங்களில் செம்மண்ணும் வானமும் மட்டும் இருந்தன. மேகம் என்று ஒன்றுகூட இல்லை.

பயிர் பூ விடும் சமயத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. ஒலிபெருக்கியில் போட்டோம். பின்னணியில் தகரத்தின் மேல் சடசடவென்று ஒரு சத்தம்.

“அங்கள், கேக்குதா? இங்க மழ. மூணு நாளா விடல. இந்த மாசத்துல இப்படிப் பாத்ததே இல்லன்னு வயசானவங்க எல்லாம் சொல்றாங்க. ஊரே சந்தோஷமா இருக்கு. நான் ஒருத்திதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

லோகா கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “டாக்டர், நான் இங்கருந்து ஒண்ணும் ஊத்தல லா.”

அந்தப் பருவத்தில் அங்கே இருபத்து மூன்றின் வகை நன்றாக விளைந்ததாகத் தேவகி எழுதினார். பக்கத்துப் பாத்திகளில் இருந்த எல்லா வகையும் நன்றாகவே விளைந்தன என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். திட்டம் அத்துடன் முடியுமா, இன்னொரு பருவம் கிடைக்குமா என்பது குழுவின் கையில் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் அந்தக் கோதுமை நிற்குமா என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.